பைப்பை ஆர் பூட்டினது?

பைப்பை ஆர் பூட்டினது? அது ஒன்று தெரிந்தால் போதும். குழாய் உறைந்தது பெரிய காரியமில்லை. கனடாவில் குழாய் உறையாத வீடும் உண்டோ, உறைந்ததை இளக்கத் தெரியாத ஆளோ குணநாயகம்? குசினிச் சிங்குக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்துக்கொண்டு, மகள் மிதுலா கல்கரிக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன தலைமயிர் காயவைக்கிற மெஷினைச் சுவரோரக் குழாயில் மேலும் கீழுமாகக் காட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் கடுத்தது. மெஷினுக்குள் சிக்கிக் கிடந்த பழைய மயிர் கருகி நாறியது. அது கிடக்கட்டும். நேற்றுப் படுக்கப் போகும்போது சிங்குக்கு மேலே இருக்கிற இந்தப் பைப்பைத் திறந்து, தண்ணியை நூல் மாதிரி மெல்லிசாக ஓடவிட்டு, அலுமாரிக் கதவு இரண்டையும் ஆவென்று திறந்துவைத்துவிட்டுத்தான் போனவர். அதுதான் முறை. குசினிக் குழாய் வடக்குச் சுவருக்குள்ளால் வருகிறது, சுவருக்கு அங்காலே சைபருக்குக் கீழே இருபத்தாறு. ஓடுகிற தண்ணி லேசில் உறையாது, திறந்த கதவுக்குள்ளால் வீட்டுச் சூடும் போய்க் குழாயைத் தொடும். இதைக் கோயிலிலும் கலியாண வீட்டிலும் ஆளைப் பிடித்து நிறுத்திவைத்துச் சொல்லிச் சொல்லியே, தவமலர் தன் புருஷனுக்குக் குழாய் மந்திரி என்று பட்டமும் கட்டியிருந்தாள். இப்ப மந்திரியின் வீட்டுக் குழாய் கட்டையாய்க் கிடக்கிறது. மத்தியானம் அரிசி கழுவப் போனவர் பார்த்தால் பைப் இறுக்கிப் பூட்டியிருக்கிறது. திறந்தால் ஒரு சொட்டு இல்லை, ஒரு காற்றுச் சத்தம்கூட இல்லை. ஊருக்கு உபதேசம் என்று சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். ஆர் பூட்டினது?

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பேய் வந்து பூட்டாது. தவமலர் முதியோர் இல்லத்து வேலைக்கு விடியமுன்னமே போய்விடுவாள், இருட்டில் வெளிக்கிட்டு, இருட்டில் சப்பாத்தைப் போட்டு, அவரை எழுப்பக்கூடாதென்று பூனை மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு போகிற மனுசி. போகமுன் குசினிக்குள் வந்து பிளாஸ்கில் சுடுதண்ணி ஊற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். அப்ப அவள் பூட்டியிருக்கலாம். ஏன் பூட்டக்கூடாது? நித்திரைத் தூக்கம், அவசரம், கை தன்பாட்டுக்குப் பூட்டியிருக்கும். சரி, அவள்தான். அப்பாடா. ஆனால் பொறு, தேத்தண்ணி குடிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டதே, சிங்கின் தகரத்தில் தண்ணி விழுகிற அந்தக் கிணுகிணுப்பு, இந்தச் சனியன் நாள் முழுக்க இப்படித்தான் கொட்டப்போகுதோ என்று மனம் கிடந்து எரிந்ததே, அது அவள் போன பிறகல்லோ? அல்லது அது நேற்றோ? நேற்றும் இதே கதிரையில் இதே தேத்தண்ணி. முந்தநாளும் அப்படித்தான். வேலைக்குப் போகிற ஆளென்றால் ஒரு நாளுக்கும் மற்ற நாளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும், பஸ் பிந்தும், மேற்பார்வைக்காரன் பேசுவான், ஏதோ ஒன்று முள்ளு மாதிரி நிற்கும். வீட்டில் இருக்கிறவனுக்கு என்ன இருக்கிறது? எல்லா நாளும் ஒரே நாள்தான். இன்றைக்கு என்ன பிஸ்கட் கடித்தது? பிஸ்கட் கடித்ததோ? குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடத்தில் விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் இளகவில்லை.

அவரே பூட்டியிருந்தாலும் அதில் என்ன பெரிய குற்றம்? புங்குடுதீவில் பிறந்தவனின் கை அது. உவர்த்தண்ணி ஊரில், நல்லதண்ணிக் கிணற்றுக்கு நடந்து போய்க் குடத்தை நிறைத்து, வழியில் அலம்பிச் சிந்தினால் அக்காவிடம் குட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு ஓடுகிற பைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலுமோ? கொழும்பில் அறையெடுத்து இருந்த காலத்தில் பக்கத்து அறைக்காரன் திறந்துவிட்ட பைப்பை எழும்பிப் போய்ப் பூட்டிவிட்டு வந்து படுத்தவர். இங்கே கோப்பிக் கடைக்குப் போனாலும் கழிப்பறையில் மற்றவன் பூட்டாமல் போன பைப்பெல்லாம் அவருடைய பொறுப்பு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். கை செய்கிறது, மண்டைக்குச் செய்தி போவதில்லை. மூக்கைச் சொறிந்தால் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களோ? அப்படியென்றால் இது மறதியே இல்லை, பழக்கம். பழக்கத்துக்கு வைத்தியம் இல்லை, வைத்தியம் தேவையும் இல்லை. இந்த நியாயம் வாய்த்ததும் குணநாயகத்துக்கு மார்புக்குள் ஒரு இதம் பரவியது. மெஷினை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, பைப் பக்கமிருந்து சுவர்ப் பக்கமாய் மெல்ல மெல்லக் கொண்டுபோனார். அப்படித்தான் கொண்டுபோக வேண்டும். நடுவில் பிடித்தால் உருகின தண்ணிக்குப் போக வழியிருக்காது, குழாயைப் பிளக்கும். பார், இதெல்லாம் ஒன்றும் மறக்கவில்லையே. மறதிக்காரனுக்கு இவ்வளவும் ஞாபகம் இருக்குமோ?

ஆனால் அந்த ஒட்டுகிற சிவப்பு ரேப். அதை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கை தன்பாட்டுக்குப் பூட்டும் என்று தெரிந்தல்லோ, இந்தக் குளிர் தொடங்கின நாளிலிருந்து, இரவில் பைப்பைத் திறந்துவிட்டு, அதன் பிடிக்கு மேலால் சிவப்பு ரேப்பைக் குறுக்கே இழுத்து ஒட்டிவைக்கிறவர். பூட்டுவதென்றால் ரேப்பை உரிக்க வேண்டும். உரிக்கிறது கைப்பழக்கமில்லை. நகத்தால் கிளப்பி, இழுத்து, பிய்த்து, அது ஒரு வேலை, மண்டையைக் கேட்காமல் அந்த வேலை நடக்காது. ரேப் உரித்திருந்தது. உரித்ததை யன்னல் சட்டத்தில் நேராய் ஒட்டியிருந்தது. ஒட்டினதோடு விட்டதா, நுனியை முக்கோணமாக மடித்தும் விட்டிருந்தது. பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் முதுகு முறிய நின்ற காலம் முழுக்க அவர் அப்படித்தான் மடித்துவிடுவார், அடுத்த ஷிப்டுக்கு வாறவன் நுனி தேடிச் சுரண்டிக்கொண்டு நிற்கக்கூடாதென்று. தவமலர் ரேப்பை உரித்தால் சுருட்டிக் குப்பைக்குள் எறிவாள், அவளுக்கு ஏது அந்தப் பொறுமை. அரிசிப் பானையோடு அந்த முக்கோணத்தைப் பார்த்தபடி நின்றபோதே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முதல் செய்த வேலை ரேப்பைப் பிய்த்து உருட்டிக் குப்பை வாளிக்குள் போட்டு, அதுக்கு மேலே வெங்காயத் தோலையும் தேயிலைச் சக்கையையும் கொட்டினது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. பிறகு மெஷினை எடுத்துக்கொண்டு வந்து குந்திக்கொண்டு, ஆர் பூட்டினது, ஆர் பூட்டினது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆரிடம் கேட்கிறது? உரித்த விரல் இதுதான், மடித்த விரல் இதுதான், அந்த நேரம் மட்டும் இல்லை. கண்ணை மூடித் தேடினாலும் கிடைக்கவில்லை. தேத்தண்ணி இருக்கிறது, அரிசிப் பானை இருக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வாற பிரதான குழாயை அடைத்துவிட்டு வருவம், உள்ளே எங்கேயாவது வெடித்திருந்தால் இளகின உடனே வெள்ளம் வருமே என்று சற்றுமுன் நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போனார். போய் நின்றார். உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் வந்தது? கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்தான், ஏன் வந்ததென்று தெரியவில்லை. எல்லாருக்கும் அப்படி வரும். அறைக்குள் போய் ஏன் வந்தனான் என்று நிற்காத மனுசர் உண்டோ? மிதுலாவே நிற்பாள், அந்த வயதிலேயே. கடைத்தொகுதியில் கார் நிறுத்தின இடத்தைத் தேடித் திரிந்தது, அது பனி எல்லாக் காரையும் ஒரே நிறமாக்கினதால். ஐயரின் பெயர் வாயில் வராமல் ஐயா, ஐயா என்று சமாளித்தது, அது ஐயர்மார் அடிக்கடி மாறுவதால். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கைவசம் இருந்தது, நல்ல நியாயங்கள், கேட்டால் வக்கீலும் தலையாட்டுவான். ரேப்புக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. பிரதான குழாயை அடைத்தாரோ? அடைத்தார், அடைத்தார், கை நோகுதே அந்தச் சக்கரத்தைத் திருகினதில். பிறகு கொஞ்சம் திறந்தும் விட்டார், தண்ணி தள்ளினால்தான் பனிக்கட்டி இளகும் என்று. அதுவும் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருக்கிறதையெல்லாம் இப்படி எண்ணிப் பார்க்கிறவனுக்கு என்ன வந்துவிட்டது என்று அவருக்கே ஒரு ஆத்திரம் வந்தது.

அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். சபாநாதன் அண்ணன், மொன்றியலில் இருந்து பின்னேரங்களில் ரெலிபோன் எடுப்பார். தம்பி, எங்கட கந்தையா மாஸ்டர் செத்துப்போனாரடா, தெரியுமோ? ஐயோ, எப்பவண்ணை? முதல் தரம் உண்மையாய்க் கேட்டது. அடுத்த நாளும் அதே மாஸ்டர் செத்தார், அதுக்கடுத்த நாளும் செத்தார், குணநாயகம் ஒவ்வொரு நாளும் ஐயோ எப்பவண்ணை என்று கேட்டார். அதில் ஒரு பாசம் இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் இருந்தது, தவமலரிடம் இன்றைக்கும் மாஸ்டர் செத்துப்போனார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். கடவுளே, சிரித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் அண்ணன் நல்ல மரியாதையாய்க் கேட்டார்: தம்பி, நீர் நல்லாய்க் கதைக்கிறீர், உமக்கு என்ரை தம்பி குணத்தைத் தெரியுமோ, அவன் இப்ப என்னோடை கதைக்கிறதே இல்லை. தெரியும் அண்ணை, சுகமாய் இருக்கிறான், சொல்லிவிடுறன் என்றார் குணநாயகம். அதுக்குப் பிறகு அண்ணன் தெருவில் இறங்கிப் போய்விடாமல் அண்ணி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்ததும், அவர் அண்ணியைப் பார்த்து இந்தப் பெண்பிள்ளை ஆர் என்று கேட்டதும், அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சோற்றைக் குழைத்ததும். ஒரே தாய் வயிறு. ஒரே ரத்தம். மூக்கும் ஒரே மூக்கு என்று சனம் சொல்லும். மெஷின் சூடேறித் தானாய் நின்றுவிட்டது. கொஞ்சம் ஆறவிட வேண்டும். சத்தம் நின்றதும் வீடு முழுக்கப் பெரிதாய்ப் போய்விட்டது மாதிரி இருந்தது.

தனக்கு என்ன, அதுதானே பெரிய பகிடி, போனவனுக்குப் போனது தெரியாது. அண்ணன் கடைசிக் காலத்தில் சந்தோசமாய்த்தான் இருந்தார். தவமலருக்குத்தான். விடிய எழும்பிப் போய் அவள் செய்கிற வேலை என்ன? பெயர் மறந்த கிழடுகளைக் குளிக்கவார்த்து, சட்டையைத் தலைக்குள்ளால் போட்டு, வாயைத் திறவுங்கோ, இன்னும் ஒரு கரண்டி என்று கெஞ்சி, அடிக்க வாற கையைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் படித்து. வீட்டுக்கு வந்து கதிரையில் விழும்போது, என்னப்பா, இண்டைக்கு ஒரு மனுசி என்னைத் தன்ரை தாய் எண்டு கட்டிப்பிடிச்சு அழுதவ என்பாள், காலை நீட்டிக்கொண்டு. அந்தக் காலை நீட்டுகிற இடம் இந்த வீடு. இங்கேயும் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தால் அவள் எங்கே போய்க் காலை நீட்டுவாள்? அதுதான். இல்லை, அவளுக்குத் தெரியக்கூடாது. குளிர் கூடிப்போச்சு, சொட்டவிட்டும் உறைஞ்சு போச்சு, இதுக்கு நானென்ன செய்யிறது என்று கொஞ்சம் எரிச்சலோடு சொன்னால் நம்புவாள். எரிச்சல் முக்கியம். மெஷினைத் திரும்பப் போட்டார். குழாயில் வேர்வை பூத்திருந்தது. எங்கேயோ சுவருக்குள் டிக் என்று ஒரு சத்தம். இளகுகிறதோ, பிளக்கிறதோ, இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். தண்ணி வந்தால்தான் தெரியும். அதுவரைக்கும் குந்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பக்கக் கதவு திறந்த சத்தம் மெஷின் இரைச்சலில் கேட்கவில்லை. குளிர்தான் முதல் வந்தது, காலைச் சுற்றிக்கொண்டு. பிறகு தவமலரின் குரல்.

“என்னப்பா, அலுமாரிக்குள்ளை என்ன செய்யிறியள்?”

அவர் தலையை வெளியே எடுக்க முயன்று சிங்கில் இடித்துக்கொண்டார். தவமலர் பெரிய குளிர்ச்சட்டையோடு, தொப்பியோடு, குசினி வாசலில் நின்றாள். அவள் கண் மெஷினைப் பார்த்தது, பைப்பைப் பார்த்தது, பைப்பின் பிடியில் ரேப் இல்லாத இடத்தைப் பார்த்தது. குளிர் கூடிப்போச்சு என்று தொடங்க அவர் வாயைத் திறந்தார். எரிச்சலையும் தயார் பண்ணிக்கொண்டார்.

“ஐயையோ,” என்றாள் தவமலர். “நான்தானப்பா. விடிய அவசரத்திலை நான்தான் பூட்டிப்போட்டுப் போனனான். என்ரை பிழை.”

அவளோ! ஒரு மூச்சு விடுகிற நேரம் குணநாயகத்துக்கு வீடே வெளிச்சமாய்ப் போய்விட்டது. அவள்தான் பூட்டினது, அவளே சொல்கிறாள், ரேப்பும் அவள்தான் உரித்தது, பார்த்துப் பார்த்து மடிக்கப் பழகியிருப்பாள், அண்ணனுமில்லை, ரத்தமுமில்லை, ஒரு கோதாரியுமில்லை. என்ரை பிழை. அந்தச் சொல் காதுக்குள் போய் அங்கேயே நின்றது. என்ரை பிழையோ? தவமலரோ? காரைத் தூணில் கொண்டுபோய் இடித்துவிட்டு, தூணை இந்த இடத்தில் நட்டவனுக்கு அறிவில்லை என்றவள். சோறு குழைந்தால் அரிசிக் கடைக்காரனைத் திட்டுகிறவள். அவரைக் கட்டின நாளில் இருந்து ஒரு உப்புக் கூடினதைக்கூட ஒத்துக்கொள்ளாத மனுசி, தொப்பியைக் கழற்றமுன்னம், ஒரு கேள்வியும் கேட்கமுன்னம், ஓடிவந்து பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். அப்ப அவளுக்குத் தெரியும். இன்றைக்கு இல்லை, எப்பவோ தெரியும். தெரிந்துகொண்டு, பிளாஸ்கில் தண்ணி ஊற்றிவைத்துவிட்டு, பூனை மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறாள்.

பைப் இருமியது. காற்றாய்த் துப்பி, மண் நிறத்தில் கொஞ்சம் கக்கி, பிறகு தண்ணி வெள்ளையாய் விழத் தொடங்கியது. குணநாயகம் அலுமாரிக்குள் கையை விட்டுப் பொருத்துகளைத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. இப்போதைக்கு ஒழுக்கு இல்லை. மெஷினை நிற்பாட்டினார்.

“தவம்,” என்றார். “நீர் பூட்டேல்லை.”

“நான்தான் எண்டுறன்...”

“நான்தான் பூட்டினனான். ரேப்பை உரிச்சு, மடிச்சு ஒட்டி, எல்லாம் வடிவாய்ச் செய்திருக்கிறன். ஒண்டும் ஞாபகமில்லை.”

சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது அது ஒரு சின்ன வசனமாய்த்தான் இருந்தது. தவமலர் குளிர்ச்சட்டையோடு அப்படியே நிலத்தில் அவருக்கு முன்னால் இருந்துவிட்டாள். சப்பாத்துப் பனி உருகி விரிப்பில் ஊறியது. அவள் பார்க்கவில்லை.

“எப்ப தொடக்கம் உமக்குத் தெரியும்?”

“புரட்டாசிச் சனி,” என்றாள். “கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிச்சுப்போட்டு வந்து, சாப்பிட்டுப்போட்டு, தவம், இண்டைக்குச் சனியெல்லே, இன்னும் வெளிக்கிடேல்லையோ எண்டு கேட்டனியள்.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“வெளிக்கிட்டனான். திரும்பக் கூட்டிக்கொண்டு போனனான்.”

அந்த இரண்டாம் தரம் போனதும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை, முதல் தரமும் இல்லை. தவமலர் மூக்கைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

“செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டை நேரம் எடுத்திருக்கிறன். எனக்கு முழங்கால் நோ, துணைக்கு வாங்கோ எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு இருந்தனான்.”

“அப்ப முழங்கால் நோ பொய்யோ?”

“நோ இருக்குத்தான்,” என்றாள். “அதுவும் இருக்கு.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு அரைவாசியில் வேறு ஒன்றாய்ப் போனது. குணநாயகம் அவளைப் பார்த்துச் சொன்னார்: “நாள் முழுக்க அங்கை அதுகளோடை மாரடிச்சுப்போட்டு வாறனீர். இஞ்சையும் அதே வேலை எண்டால், தவம்...”

“அங்கை இருக்கிறதுகள் ஒண்டும் எனக்குத் தாலி கட்டேல்லை. விசர்க்கதை கதையாமல் எழும்புங்கோ. கால் விறைக்கப் போகுது.”

கால் ஏற்கெனவே விறைத்திருந்தது. அவர் ஒருமுறை முயன்றார், எழும்ப வரவில்லை. தவமலர் எழுந்து அவருக்குப் பின்னால் வந்து, குனிந்து, இரண்டு கக்கத்துக்குள்ளாலும் கையைக் கொடுத்து, ஒரு காலை அவர் காலுக்கு அண்டக் கொடுத்தாள், வேலையில் கிழடுகளைத் தூக்குகிற தூக்கு. அவள் மூச்சு அவர் பிடரியில் பட்டது. எண்ணத் தொடங்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது, ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று. அவள் எண்ணவில்லை. கைகளை மெல்ல எடுத்துவிட்டாள். சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கையை மட்டும் நீட்டினாள்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.